நான்கு கணவாய், நான்கு நாள்: கொலராடோவின் ஃபோர் பாஸ் லூப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் செய்த தப்பு, மதியம் ஒன்றரை மணிக்கு டிரெயில் ரைடர் கணவாய்க்குக் கீழே நின்றதுதான். காலில் தெம்பு இருந்தது, பையில் சாப்பாடு இருந்தது, மேலே வானம் மட்டும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏறிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்ல, பாதி தூரம் ஏறி, ஆலங்கட்டி மழையில் மாட்டி, மின்னல் விழப்போகிறது என்பதற்கு அடையாளமாகத் தலைமுடி லேசாகக் குத்திட்டு நிற்பது தெரிந்ததும் ஏறியதைவிட வேகமாக இறங்கி, மரங்களுக்குள் இரண்டு மணி நேரம் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தோம். அதனால் தூரத்தைவிட நேரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

சரி, இது எங்கே இருக்கிறது? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆஸ்பென் ஊருக்குப் பக்கத்து எல்க் மலைத்தொடரில். ஏரியில் நிழல் விழ நிற்கும் மரூன் பெல்ஸ் இரட்டைச் சிகரங்களை ஏதாவது காலண்டரிலாவது பார்த்திருப்பீர்கள். அந்தச் சிகரங்களை ஒரு முழுச் சுற்று சுற்றி, கிளம்பின ஏரிக்கரைக்கே திரும்ப வரும் பாதை இது. சுமார் 43 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் ஏறக்குறைய 2,400 மீட்டர். வெஸ்ட் மரூன் (3,810 மீட்டர்), ஃப்ரிஜிட் ஏர் (3,784), டிரெயில் ரைடர் (3,786), பக்ஸ்கின் (3,798) என்று வழியில் நான்கு கணவாய்கள். அமெரிக்க வரைபடங்கள் எல்லாம் அடிக்கணக்கில்தான் இருக்கும், அதில் நான்குமே 12,400 அடிக்கு மேல் என்று நினைவில் வைத்தால் போதும்.

கயிறு வேண்டாம், பாறையைத் தொற்றிக்கொண்டு ஏற வேண்டாம், முழுக்க நடைதான். சிகரங்கள் வேறு கதை. மரூன் பெல்ஸ் அடுக்கடுக்கான செம்மண் பாறை, பிஸ்கட் மாதிரி உதிரும். 1965-ல் மட்டும் எட்டுப் பேர் அங்கே செத்திருக்கிறார்கள், பாதை ஓரத்தில் எச்சரிக்கைப் பலகையே உண்டு. நம் பாதை அந்தச் சிகரங்களைத் தொடுவதில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு எட்டு மேலே போய்ப் பார்ப்போமே" என்று யாராவது ஆரம்பித்தால் வாயை அடைத்துவிடுங்கள்.

எப்போது போவது

ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, அவ்வளவுதான் சீசன். ஜூன் மாதம் ஆஸ்பென் தெருவில் அரைக்கால் சட்டையோடு திரிவார்கள், அதே நாளில் கணவாய்களில் பனி முழங்கால் வரை கிடக்கும். ஜூலை முதல் பாதியிலும் ஃப்ரிஜிட் ஏரின் வடக்குச் சரிவிலும் டிரெயில் ரைடரின் ஏரிப் பக்கத்துச் சரிவிலும் பனி மிச்சம் இருக்கலாம். அந்தச் சரிவில் காலையில் பனி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், வழுக்கினால் நிற்க இடமில்லை. மைக்ரோஸ்பைக் (ஷூவில் மாட்டும் இரும்பு முட்கள்), பனிக்கோடரி இரண்டையும் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் மட்டும் அப்போது போகலாம். தெரியாதவர்கள் இரண்டு வாரம் பொறுத்தால் எதையும் இழந்துவிட மாட்டார்கள்.

ஜூலைக் கடைசி என்றால் பூக்கள். கொலம்பைன், லூபின், சிவப்புப் பெயின்ட்பிரஷ் என்று இடுப்பளவு வளர்ந்து நிற்கும், கூடவே கொசு, கூடவே தினமும் மதிய இடி. செப்டம்பரில் இடி குறையும், கொசு போய்விடும், மாதக் கடைசி வாரங்களில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிடும், ஆனால் ராத்திரி தண்ணீர் பாட்டில் உறைந்துபோகும், திடீரென்று ஒரு நாள் பனியும் விழும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பத்து நாள். பூவுக்காகப் போகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

அனுமதிச் சீட்டு

இரவு தங்குவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில், எந்த இரவு எந்தப் பகுதியில் தங்கப்போகிறீர்கள் என்று தனித்தனியாகக் குறிப்பிட்டுப் பதிய வேண்டும். கோடைக்கான இடங்கள் பல மாதம் முன்பே திறக்கும், திறந்த கொஞ்ச நேரத்திலேயே வார இறுதிகள் காலியாகிவிடும், தீபாவளி ரயில் டிக்கெட் எடுத்துப் பழகினவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் மூன்றாம் இரவு தங்கும் ஸ்னோமாஸ் ஏரி இரவைப் பிடியுங்கள், மற்ற இரவுகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் எல்லோருக்கும் வேண்டியது அந்த இடம்தான். செவ்வாய்க்கிழமை கிளம்புகிற மாதிரி பார்த்தால் கிடைக்க வாய்ப்பு அதிகம். யாராவது ரத்து செய்வார்கள், தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

மரூன் ஏரிக்குப் போகும் சாலையில் சீசன் முழுக்கக் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணிவரை சொந்த வண்டிக்குத் தடை. ஆஸ்பென் ஹைலேண்ட்ஸிலிருந்து பேருந்து விடுகிறார்கள், அதற்கும் முன்பதிவு வேண்டும். வண்டியை மேலேயே விட விரும்பினால் அதற்குத் தனி முன்பதிவு, இடங்கள் குறைவு. அனுமதிச் சீட்டு கையில் வந்த அன்றே இதையும் முடித்துவிடுங்கள். நடக்க அனுமதி இருந்தும் ஏரிவரை போக வழியில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உயரம்

தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர். மரூன் ஏரியில் பேருந்து உங்களை இறக்கிவிடும் இடமே 2,920 மீட்டர். அதாவது நடக்க ஆரம்பிக்கும் முன்பே ஆனைமுடியைத் தாண்டிவிட்டீர்கள்.

ஹூஸ்டனிலிருந்தோ நியூ ஜெர்சியிலிருந்தோ விமானத்தில் வந்து மறுநாள் காலையே ஏற ஆரம்பிப்பவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாம் நாள் வாந்தியெடுக்கிறார்கள். டென்வர் 1,600 மீட்டர், ஆஸ்பென் 2,400 மீட்டர். டென்வரில் ஒரு இரவு, ஆஸ்பெனிலோ அதைச் சுற்றியோ இரண்டு இரவு, பகலில் பை இல்லாமல் சின்ன நடை, இவ்வளவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கோடையில் இண்டிபெண்டன்ஸ் கணவாய் வழியாக வண்டி ஓட்டி வந்தால் 3,687 மீட்டரில் இறங்கி அரை மணி நேரம் நடந்து பாருங்கள், உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். உயரத்துக்கான மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நண்பரிடம் அல்ல.

தலைவலி மட்டும் என்றால் தண்ணீர், ஓய்வு, மேலே ஏறாமல் இருப்பது. தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, பிதற்றுவது, இதில் எது வந்தாலும் ராத்திரியானாலும் கீழே இறக்க வேண்டும். இங்கேதான் இந்த வளையத்தின் வில்லங்கம். நடுவில் இருக்கும் ஃப்ரேவர்ட் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பின இடத்துக்குத் திரும்ப எந்தப் பக்கம் போனாலும் மறுபடியும் 3,700 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். ஏறாமல் வெளியேற ஒரே வழி, ஆற்றோடு இறங்கி லெட் கிங் பள்ளத்தாக்கு போவது, அங்கேயும் கரடுமுரடான ஜீப் ரோடுதான். ஸ்னோமாஸ் ஏரியிலிருந்து ஸ்னோமாஸ் ஓடையை ஒட்டி நீளமான, ஆனால் கணவாய் இல்லாத இறக்கம் ஒன்று உண்டு. இந்த இரண்டு வழிகளையும் வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு போங்கள். செல்போன் சிக்னல் கிடையாது, அதனால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி குழுவில் ஒன்றாவது இருக்கட்டும்.

உடம்பு தயாரா என்று பார்க்க என் அளவுகோல் இது: 12 கிலோ பையோடு ஒரே நாளில் 900 மீட்டர் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் காலை எழுந்து அதையே மறுபடி செய்ய முடிய வேண்டும். முதல் நாள் யாரும் செய்துவிடுவார்கள், இரண்டாம் நாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் பேசும் பேச்சுதான் முக்கியம்.

பையில் என்ன

பட்டியல் எல்லாம் எங்கும் கிடைக்கும், அதில் அலட்சியப்படுத்தப்படுவதை மட்டும் சொல்கிறேன். ஆகஸ்டாக இருந்தாலும் உறைநிலையைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக். உண்மையிலேயே தண்ணீர் புகாத ரெயின் ஜாக்கெட், கூட மெல்லிய கையுறை, ஏனென்றால் ஆலங்கட்டி மழையில் முதலில் செத்துப்போவது விரல்தான். இரண்டு டிரெக்கிங் போல் (ஊன்றுகோல்), கடைசி நாள் இறக்கத்தில் அதற்கு நன்றி சொல்வீர்கள். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. தண்ணீருக்குக் கவலையில்லை, ஓடைகள் நிறைய, ஆனால் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் வடிகட்டிக் குடியுங்கள். வயிற்றைப் புரட்டும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது.

கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா, அதாவது பேர் கேனிஸ்டர், கட்டாயம். ஒரு கிலோவுக்கு மேல் எடை, பையில் எந்தப் பக்கம் வைத்தாலும் முதுகில் குத்தும், இருந்தாலும் தப்பிக்க முடியாது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சன்ஸ்கிரீன், தைலம் என்று மணக்கும் எல்லாமே உள்ளே போக வேண்டும், ராத்திரி அதை டென்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பெருங்காயம் போட்ட எதையும் இரண்டு உறையில் கட்டுங்கள், கரடிக்காக இல்லாவிட்டாலும் கூட வருகிறவர்களுக்காக.

சமையலில் ஒரு சங்கதி. ஸ்னோமாஸ் ஏரிக்கரையில் தண்ணீர் 89 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று அரிசி போட்டால், கேஸ் தீரும்வரை வெந்துகொண்டே இருக்கும், வேகாது. நாங்கள் கண்டுபிடித்த விடை அவல். புளிக்காய்ச்சலைப் பொடியாகவோ விழுதாகவோ எடுத்துப்போய், வெந்நீரில் ஊறின அவலில் கிளறினால் ஐந்து நிமிடத்தில் புளி அவல். பருப்புப் பொடியும் ஒரு சின்னப் புட்டி நெய்யும் இருந்தால் கடைகளில் விற்கும் விலை உயர்ந்த உலர் உணவுப் பைகளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். உயரத்தில் பசி மந்தமாகிவிடும், அதனால் நடக்கும்போதே கடலை மிட்டாய், பேரீச்சை என்று மணிக்கு ஒரு தடவை வாயில் போட்டுக்கொண்டே இருங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கடிகாரச் சுற்றில். எதிர்ப்பக்கம் போகிறவர்களும் உண்டு, ஆனால் அப்படிப் போனால் முதல் ஏறும் நாளிலேயே பக்ஸ்கினின் செங்குத்து ஏற்றம் தலையில் விழும். வெஸ்ட் மரூன் பக்கம் ஏற்றம் நீளமாக, நிதானமாக இருக்கும், பை கனமாக இருக்கும் நாளுக்கு அதுதான் சரி. அதைவிட முக்கியமான காரணம், கடிகாரச் சுற்றில் நான்கு நாளாகப் பிரித்தால் எல்லாக் கணவாய்களையும் காலையிலேயே கடந்துவிடலாம். இரண்டு நாளில் ஓடி முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரே நாளில் முடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது.

முதல் நாள் மதியம் கிளம்பினால் போதும். மரூன் ஏரியிலிருந்து கிரேட்டர் ஏரி 3 கிலோமீட்டர், 150 மீட்டர் ஏற்றம், கல்லும் வேருமான பாதை. ஏரியைச் சுற்றிக் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே டென்ட் போடலாம். ஒன்றரை மணி நேர நடைக்கு ஒரு நாளா என்று தோன்றும். 3,070 மீட்டரில் ஒரு ராத்திரி தூங்குவதுதான் அன்றைய வேலை. ஷூவை வெளியே விடாதீர்கள், உப்புக்காக முள்ளம்பன்றியும் மார்மட் என்ற பெரிய மலை அணிலும் வந்து வியர்வை ஊறின தோலைக் கடித்துவிட்டுப் போகும்.

இரண்டாம் நாள்தான் பெரிய நாள், காலை ஐந்து மணிக்கு ஹெட்லைட்டோடு நடக்க வேண்டும். வெஸ்ட் மரூன் கணவாய்க்கு ஏழெட்டு கிலோமீட்டர், 740 மீட்டர் ஏற்றம். பாதை ஓடையைக் கடந்து வில்லோ புதர்களுக்குள் நுழையும்போது மழையே பெய்யாவிட்டாலும் பனித்துளியில் இடுப்புவரை நனைவீர்கள், ரெயின் பேன்ட்டை அதற்கு முன்பே மாட்டிக்கொள்ளுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டர் செங்குத்து, ஐம்பது அடி வைத்து நின்று மூச்சு விடுவது அவமானமில்லை. ஒன்பது மணிக்குள் மேலே நிற்பதுதான் இலக்கு.

மறுபக்கம் இறங்கினதும் பூக்கள் நிறைந்த பெரிய புல்வெளி. இங்கே கவனம்: நேராக இறங்கும் தேய்ந்த பாதை கிரெஸ்டட் பியூட் ஊர்ப் பக்கம் போகிறது, கூட்டமும் அந்தப் பக்கம்தான் போகும். நீங்கள் வலது பக்கம் பிரிய வேண்டும். பிரிந்தால் மூன்று நான்கு கிலோமீட்டரில் ஃப்ரிஜிட் ஏர், இரண்டுக்கும் நடுவில் ரொம்ப இறங்க வேண்டியதில்லை, அதனால்தான் ஒரே காலையில் இரண்டையும் கோக்க முடிகிறது. ஆனால் வெஸ்ட் மரூனிலேயே பதினொரு மணி ஆகி, மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்க ஆரம்பித்திருந்தால், அந்த இடைப்பகுதி ஒதுங்க மரமே இல்லாத வெட்டவெளி என்பதை யோசித்து முடிவெடுங்கள். ஃப்ரிஜிட் ஏர் மேலே நின்றால் மரூன் பெல்ஸின் முதுகுப் பக்கம் தெரியும். காலண்டரில் வராத பக்கம், எனக்கு அதுதான் பிடித்த பக்கம். அங்கிருந்து ஃப்ரேவர்ட் பள்ளத்தாக்குக்கு முதலில் செங்குத்தாகவும் அப்புறம் சாவகாசமாகவும் இறக்கம். இருபுறமும் சிவப்புச் சுவர், அருவிகள். மரங்கள் தொடங்கியதும் நல்ல இடம் பார்த்து டென்ட் போடுங்கள், ஓடையிலிருந்து ஒரு எழுபது தப்படியாவது தள்ளி.

மூன்றாம் நாள் தூரம் குறைவு, பாடு அதிகம். பள்ளத்தாக்கில் கொஞ்சம் இறங்கி, ஆற்றுப் பாதையை விட்டு வலது பக்கம் பிரிந்து ஆற்றைக் கடக்க வேண்டும். சீசன் தொடக்கத்தில் முழங்காலளவு ஓடும், செப்டம்பரில் கல் தாண்டிப் போகலாம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பை உங்களை அமுக்கக் கூடாது. அதன்பின் டிரெயில் ரைடருக்கு 700 மீட்டருக்கும் மேல் ஏற்றம், இரண்டு தவணையாக. முதல் தவணை முடிந்து ஒரு திறந்த மேட்டுக்கு வந்ததும் கணவாய் இதுதான் என்று நினைப்பீர்கள், இல்லை, அது இன்னும் மேலே, வானத்தில் கோடு கிழித்த மாதிரி தெரியும். நாங்கள் மாட்டினது இந்த இரண்டாவது தவணையில். ஐந்தரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு உச்சியில் இருக்கலாம், அங்கே ஒரு அடி எடுத்து வைத்ததும் கீழே ஸ்னோமாஸ் ஏரி முழுசாகத் திறக்கும், பின்னால் ஹேகர்மன் சிகரம். இறக்கம் சரளைக்கல், பாதை குறுகல், படம் எடுப்பதென்றால் நின்று எடுங்கள். மதியச் சாப்பாடு ஏரிக்கரையில். தீ மூட்ட நினைக்காதீர்கள், ஏரிக்கருகே தடை.

நான்காம் நாள் பக்ஸ்கின். ஏரியிலிருந்து 450 மீட்டர் ஏற்றம், கொண்டை ஊசி வளைவுகள் எண்ணி மாளாது, ஆனால் மற்ற மூன்றையும் கடந்த காலுக்கு இது பெரிசில்லை. மேலே நின்று திரும்பிப் பார்த்தால் ஸ்னோமாஸ் மலையும் கேப்பிட்டல் சிகரமும், முன்னால் பிரமிட் சிகரமும். அப்புறம் மின்னஹாஹா ஓடை வழியாகக் கிரேட்டர் ஏரிக்கு 700 மீட்டருக்கு மேல் ஒரே இறக்கம். வழியில் இடது பக்கம் வில்லோ கணவாய்க்குப் பிரியும் பாதையைக் கண்டுகொள்ளாதீர்கள். முழங்கால் இங்கேதான் போகும், போலை நீளமாக்கிக்கொண்டு சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

இடி வந்தால்

ஜூலை, ஆகஸ்டில் காலை வானம் நீலமாக இருப்பதற்கும் மதியத்துக்கும் சம்பந்தமே இல்லை. வெயில் சூடேற ஏற ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்குள் இடி மேகமாகிவிடும். அதனால் பதினொரு மணிக்குள் கணவாயைக் கடந்து, பன்னிரண்டு மணிக்குள் மரவரம்புக்கு (அதற்கு மேலே மரம் வளராது) கீழே வந்துவிடுவது விதி. இங்கே மரவரம்பு ஏறக்குறைய 3,500 மீட்டர்.

மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவில் எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்தால் ஏறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி இறங்க வேண்டும், உச்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும். ஒற்றை மரத்தடி, பாறைக் குகை, ஏரிக்கரை மூன்றும் கூடாது, ஒரே உயரத்தில் அடர்ந்து நிற்கும் மரக்கூட்டம்தான் சரி. கும்பலாக நிற்காமல் ஆளுக்கு ஆள் இருபது முப்பது மீட்டர் தள்ளி இருங்கள். முடி குத்திட்டாலோ, போலின் நுனி ரீங்காரமிட்டாலோ பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே கீழே.

மழை விட்டதும் நான்கு மணிக்கு ஏறலாமா என்று கேட்பீர்கள். ஏறியவர்கள் உண்டு. நாங்கள் அன்று ஏறவில்லை, அங்கேயே டென்ட் போட இடம் தேடி, பள்ளத்தாக்குக்கே திரும்பி, மறுநாள் விடியலில் ஏறினோம், வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. இப்படி ஒரு நாள் தள்ளிப்போகலாம் என்பதால் சாப்பாடு ஒரு நாளுக்குக் கூடுதலாகவும், திரும்பும் விமான டிக்கெட் ஒரு நாள் இடைவெளி விட்டும் இருக்கட்டும். ஊரில் இருக்கும் ஒருவரிடம் எந்த நாள் எத்தனை மணி தாண்டினால் மீட்புக் குழுவுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பெனில் மலை மீட்புக்கு வருகிறவர்கள் தன்னார்வலர்கள், உங்களைத் தேடி வர அவர்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும்.

கிரேட்டர் ஏரிக்கு வந்ததும் செருப்பு போட்ட கூட்டம் எதிரே வரும், குழந்தைகள், செல்பிக் குச்சி, வாசனைத் திரவியம். அங்கிருந்து மரூன் ஏரிக்கு ஒரு மணி நேரம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்து வைத்திருப்பீர்கள். பேருந்தில் உங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள், நான்கு நாள் குளிக்காதவர் பக்கத்தில் யார் உட்காருவார்கள், பையை அதில் வைத்துக்கொள்ளலாம்.